விதியை மதியால் வெல்வது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தை ஆட வரும் புதியவர்கள் விதிப் புத்தகத்தைப் புரிந்துகொள்வதற்காகப் படிக்கிறார்கள். வீண் வேலை. புரிந்துவிட்டால் அப்புறம் வாதாட என்ன இருக்கிறது? டிராகனோடு சண்டை எந்த வாரமும் போடலாம். அசல் சண்டை அதற்கு முன்பே, கதாபாத்திரத்தை உருவாக்கும் மேசையில், பென்சிலும் ரப்பருமாக நடந்து முடிந்துவிடுகிறது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரை, சுருக்கமாக டி.எம்.மை, சமாளித்துவிட்டவருக்கு டிராகன் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் பகடை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் சொல்வது இது: நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, குறைந்ததைத் தள்ளிவிட்டு, மீதி மூன்றைக் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. கிடைக்கும் எண்களை வலிமை, லாகவம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு திறன்களுக்கு இஷ்டப்படி பங்கிடலாம். நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களும், அதிர்ஷ்டத்தை நம்பி இறங்கப் பிடிக்காதவர்களும் 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் எண்களை எடுத்துக்கொள்ளலாம். கவனியுங்கள்: அந்தப் பிடிக்காமை எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை. ஆகவே தைரியமாக உருட்டுங்கள். 17, 16 என்று விழுந்தால் பணிவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். 9, 7, 6 என்று விழுந்தால், 'எனக்குச் சின்ன வயதிலிருந்தே சூதாட்டம் ஆகாது' என்று பெருமூச்சு விட்டபடி தயார் எண்களுக்கு மாறிவிடுங்கள். டி.எம். அனுமதித்தால் 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்கும் முறையும் உண்டு. அதில் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்பதால் நமக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

பகடை உருண்டு தரையில் விழுந்தால்? புத்தகம் மௌனம். மௌனம் சம்மதம், ஆனால் எதற்குச் சம்மதம் என்பதை நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அங்கே 6 இருந்தால், தரையும் மேசையின் தொடர்ச்சிதான். 1 இருந்தால், பகடை கை தவறிவிட்டது. சிப்ஸ் பொட்டலத்தின் மேல் சாய்ந்து நிற்கும் பகடைக்கும் இதே சட்டம். ஒரே ஒரு எச்சரிக்கை: தவழ்ந்து போய்ப் பார்ப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது கதாபாத்திரத்தின் இனம். ஹாஃப் எல்ஃபுக்கு வசீகரம் 2 கூடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேறு இரண்டு திறன்கள் ஒவ்வொன்று கூடும். அந்த இரண்டு ஒன்றையும் லாகவத்திலேயே போட்டுவிட முடியுமா என்று கை அரிக்கும். முடியாது என்பது மேசையில் உள்ள எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வாதத்துக்கு இடம் இருக்கிறது. அதே புத்தகத்தில் மனிதர்களுக்கான மாற்று விதி, ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு திறன்கள் என்று அழுத்திச் சொல்கிறது. ஹாஃப் எல்ஃப் பத்தியில் வசீகரம் அல்லாத இரண்டு என்பதோடு சரி. மனிதனுக்குச் சொன்னதை இவனுக்கு ஏன் சொல்லவில்லை? மறதியா, மகா ஞானமா? இப்படிக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடையுங்கள். தோற்கத்தான் போகிறீர்கள். ஆனால் டி.எம். களைத்துப் போவார், அடுத்த வாதத்துக்கு அது முதலீடு.

அந்த அடுத்த வாதம், அதிசயமாக, நியாயமானது. எல்ஃபாகப் பிறந்தாலே கூர்ந்து கவனிக்கும் தேர்ச்சி உண்டு. கதாபாத்திரத்தின் முன்கதையாக மாலுமிப் பின்னணி எடுத்தாலும் அதே தேர்ச்சிதான் கிடைக்கிறது. ஒரே தேர்ச்சி இரண்டு வழியில் வந்தால், ஒன்றுக்குப் பதில் அதே வகையில் வேறெதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பின்னணிகள் பற்றிய பகுதியில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. ஆகவேதான் கடலையே கண்ணால் பார்த்திராத காட்டு எல்ஃபுகள் இத்தனை பேர் முன்னாள் மாலுமிகளாகத் திரிகிறார்கள். எந்தக் கப்பல் என்று டி.எம். கேட்டால், மூழ்கிவிட்டது என்று சொல்லுங்கள்.

இந்த ஆட்டத்தில் குழப்பம் பிறவிக்குணம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக இதை வெளியிட்டபோது, எல்ஃப் ஒரு சாகசத்தில் போர்வீரனாகவும் அடுத்ததில் மந்திரவாதியாகவும் இருக்கலாம், ஒரே ஆட்டத்தின் நடுவில் மட்டும் மாறக்கூடாது என்று எழுதினார்கள். ஒரே ஆட்டம் என்பது எது? குகைக்குள் நுழைந்து வெளியே வரும்வரையா, சாப்பாட்டு நேரம் வரையா? இன்றுவரை ஆளுக்கொரு உரை. 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் புத்தகம், பிழைத்திருக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு திறன்களாவது 15 அல்லது அதற்கு மேல் இருப்பது அவசியம் என்றது. எப்படி உருட்டுவது என்ற நான்கு முறைகளோ டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருந்தன. அது வெளிவந்தது 1979இல். அதையும் ஆட்டக்காரர்கள் தொடக்கூடாது என்ற தோரணையில்தான் கைகாக்ஸ் முன்னுரை எழுதியிருந்தார்.

தெளிவான விதிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 1977இல் வந்த டிராவலர் என்ற வேறொரு ஆட்டம் இருக்கிறது. அதில் உங்கள் ஆள் ராணுவம், கடற்படை என்று பணிக்காலம் கழிக்க வேண்டும். உயிர்பிழைக்கும் பகடை தவறினால், ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் காலி. புதிய தாள் எடுத்துக்கொள்ளலாம். ஐயத்துக்கு இடமே இல்லை.

வாதத்தில் இரண்டு ஆயுதங்கள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஒன்று, எழுத்தில் உள்ளபடி. மற்றது, எழுதியவர் நினைத்தபடி. எது லாபமோ அதை எடுங்கள். ஒரே மாலையில் இரண்டையும் எடுத்தால் மட்டும் பக்கத்து ஆட்டக்காரர் ஞாபகப்படுத்திவிடுவார். முதல் ஆயுதத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு பன் பன் சாட்சி. 3.5 பதிப்பின் விதிகளை வரிவரியாகக் கோத்து, எல்லையற்ற சக்தி உள்ளதாக ரசிகர்கள் காகிதத்தில் உருவாக்கிய கோபால்ட் அது. பொதுவாக ஆட்டக்காரர்கள் ஓட ஓட விரட்டும் அற்பப் பிராணிதான் கோபால்ட். விதிப்படி எல்லாம் சரி என்றார்கள். எந்த டி.எம்.மும் அதை மேசைக்குள் விடமாட்டார்.

இவ்வளவும் செய்து முடித்தபின் ஒரு சின்ன விஷயம் தெரியவரும். விதிகளுக்குப் பொருள் சொல்வதும், எப்போது பின்பற்றுவது, எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பதும் டி.எம்.மின் வேலை என்று 2014ஆம் ஆண்டின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் குழப்பமே கிடையாது. ஆகவே வாதாடப் போகும்போது அவருக்குப் பிடித்த பலகாரம் ஏதாவது கொண்டுபோங்கள். நீங்களே டி.எம். நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால், இந்தக் கட்டுரையை உங்கள் ஆட்டக்காரர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.