பதிப்புக்குப் பதிப்பு பஞ்சாயத்து

அமெரிக்காவில் பகடையும் விதிப்புத்தகமும் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 1983-இல் வந்த சிவப்புப் பெட்டியோடு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதாபாத்திர விளையாட்டை ஆடத் தொடங்கியவர். அதை இப்போது வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் மேல் இவர் கொண்டாடும் பாத்தியதை, பெண் கொடுத்த மாமனாருக்குக்கூட மாப்பிள்ளை மேல் இருக்காது.

புதிய பதிப்பு வந்தால், “பழசுக்கு என்ன குறைச்சல்?” வராவிட்டால், “தூங்குறானுங்க.” 2000-இல் மூன்றாம் பதிப்பு, மூன்றே வருடத்தில் மூன்றரை. அந்த அரைக்கு முழு விலை கொடுத்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 2008-இன் நான்காம் பதிப்பைப் பார்த்ததும் “இது கம்ப்யூட்டர் கேம்” என்று முறைத்துக்கொண்டு, பழைய விதிகளைத் தழுவி பைஸோ நிறுவனம் கொண்டுவந்த பாத்ஃபைண்டருக்குக் குடிபெயர்ந்தார். நான்காம் பதிப்பும் அலமாரியில் இருக்கிறது. எதைக் கெடுத்தார்கள் என்று தெரிய வேண்டாமா?

2023 ஜனவரியில் மட்டும் நியாயம் முழுக்க இவர் பக்கம். விதிகளைப் பயன்படுத்திப் பிறரும் புத்தகம் போடலாம் என்று 2000 முதல் இருந்த திறந்த உரிமத்தை நிறுவனம் இறுக்கப் பார்த்தது. பெரிய வருமானம் பார்ப்பவர்களிடம் பங்கும் கேட்டது. வரைவு கசிந்தது. ரசிகர்கள் இணையச் சந்தாவை ரத்துசெய்தார்கள். மாதம் முடிவதற்குள் நிறுவனம் பணிந்து, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டது. வினை என்னவென்றால், அன்றிலிருந்து இவருக்கு ஒவ்வொரு காற்புள்ளியும் போர்க்களம்.

2024 பதிப்பில் பாலடின் வீரனின் தெய்வீக அடியை மந்திரங்களோடு சேர்த்துவிட்டார்கள். “இனி ஒரு முறைக்கு ஒரு அடிதானாம்! பாலடினைக் கொன்னுட்டானுங்க!” இவர் குழுவில் யாரும் பாலடின் ஆடுவதில்லை. அங்கே செல்லுபடியாவது இவர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்றுதான். அச்சிட்ட விதியைப் புரட்டுகிறவர்களை இவருக்கே பிடிக்காது.

கடைக்காரர் புதிய புத்தகத்தை இரண்டு அட்டைகளில் வைத்திருந்தார். ஒன்று வழக்கமானது, மற்றது இதுபோன்ற கடைகளுக்கு மட்டும் வருவது.

“உள்ளே ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஆமா சார்.”

“பகல் கொள்ளை,” என்றபடி பர்ஸை எடுத்தார். “மூலை நசுங்காததாப் பாத்து ரெண்டையும் எடுங்க.”