வெலிங்டன் மேட்டில் ஒரு பந்தாட்டக் காலம்

டூராண்ட் கோப்பை வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் 1961-க்கு நேரே ஆந்திரப் போலீஸ் இருக்கும், 1963-க்கு நேரே மோகன் பகான் இருக்கும், நடுவில் 1962-க்கு நேரே மட்டும் ஆட்டம் நடைபெறவில்லை என்றிருக்கும். சீனப் போரால் நின்றுபோன வருஷம் அது. ஆனால் அப்போது நீலகிரியின் வெலிங்டனிலும் அருவங்காட்டிலும் அரைக்கால் சட்டையோடு திரிந்த எங்களைக் கேட்டால், அதைவிட நிறைவான பந்தாட்டக் காலம் அப்புறம் வாய்க்கவே இல்லை என்போம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியைப் பட்டாளத்து டீம் என்று வாயால் சொன்னாலும் மனசுக்குள் அது ஊர் டீம்தான். 1955-லும் 1958-லும் டூராண்டை வென்ற டீம். சென்டர் ஃபார்வர்டாக வந்து, பிறகு கோல் காக்க நின்று, ஆசியாவுக்கே பேர்போன பீட்டர் தங்கராஜ் வளர்ந்த டீம். அவர் பட்டாளத்தை விட்டுக் கல்கத்தா போய்விட்டிருந்தார்; ஆனாலும் 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று சாய்த்து இந்தியா ஆசியத் தங்கம் வாங்கியபோது, அந்த அணியில் அவரும் இருந்ததால், தங்கத்தில் பாதி நம் ஊருக்குச் சேர வேண்டியது என்றே கடைவீதியில் பேச்சு.

அந்த மகிழ்ச்சி ஆறிப்போவதற்குள், அக்டோபர் 20-ல் போர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் ஐப்பசி மழையும் அதே சமயத்தில்தான் கொட்டும். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்கு ஊதியும் அப்பா வீடு திரும்பாத நாட்களாக அவை இருந்தன, வேலை அவ்வளவு. மைதானத்திலோ, போன வாரம் லெஃப்ட் விங்கில் பறந்தவரை இந்த வாரம் காணோம். "அந்த அண்ணா எங்கே?" என்று கேட்டால், "யூனிட்டுக்குப் போயிட்டார் தம்பி" என்று ஒரு வரியில் பதில் வரும். அவர் இடத்தில் பாலக்காட்டிலிருந்தோ குண்டூரிலிருந்தோ புதிதாகச் சேர்ந்த ஒருவர், மொட்டை அடித்த மாதிரி கிராப்போடு, பூட்ஸ் இன்னும் காலுக்குப் பழகாமல் ஓடுவார்; பாதி ஆட்டம் முடிவதற்குள் அவர் பேரும் ஊரும் எங்களுக்கு மனப்பாடம்.

பந்தும் அப்போது வேறு சாதி. உள்ளே பிளாடர், மேலே தைத்த தோல், வாயைக் கட்ட நாடா. மழையில் ஊறினால் கனத்துப்போகும். நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் அந்தத் தடம் சிவந்து தெரியும், அதை அழியாமல் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவதில் ஒரு பெருமை. ஆட்டம் முடிந்ததும் ஹவில்தார் ஒருவர் படியில் உட்கார்ந்து, நாடாவைப் பிரித்து, பிளாடரை எடுத்துத் துடைத்து, தோலுக்குக் கொழுப்புத் தேய்ப்பார். பக்கத்தில் துணி பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்துக்கு எங்களுக்குள் சண்டையே நடக்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. கோல்கீப்பர் போடும் சத்தத்தை வைத்துப் பந்து எந்தப் பக்கம் என்று ஊகித்து, மேட்டில் நின்ற நாங்கள் ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தையே கடன் வாங்கி "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்துவோம்.

இப்போது டூராண்ட் ஆட்டங்களைக் கைப்பேசியில், மலைச்சரிவில் உட்கார்ந்தபடி, மழைத்துளி படாமல் பார்க்கிறேன். கொல்கத்தாவில் விளக்கொளியில் ஐஎஸ்எல் கிளப்புகள் ஆடுகின்றன. தண்ணீர் குடிக்காத பந்து, சலவைக்கல் மாதிரி புல்தரை, ஒரே கோலை ஐந்து கோணத்தில் திருப்பிக் காட்டும் வசதி. எல்லாமே நல்லதுதான், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். கோல் போட்டவரின் சம்பளம்கூடத் தெரிந்துவிடுகிறது. அவர் சொந்த ஊர் எது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவாரா என்பதுதான் தெரிவதில்லை. லெஃப்ட் விங்கில் ஆடிய அந்த அண்ணா திருநெல்வேலிக்காரர், அம்மாவுக்கு வாரம் தவறாமல் கார்டு போடுவார் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் திரும்பி வந்தாரா என்று சொல்ல யாரும் இல்லை.

தங்கராஜ் தலைமையில் 1960-ல் சந்தோஷ் கோப்பையை வென்ற, முப்படைகளின் சர்வீசஸ் அணி, அடுத்த கோப்பைக்கு அரை நூற்றாண்டு காத்திருந்தது; 2012-ல் கட்டாக்கில் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி யார் தெரியுமா? தமிழ்நாடு! இரு பக்கமும் கோல் விழாமல் பெனால்டிக்குப் போனது. என் வயதில் பட்டாளத்து ஊரில் வளர்ந்த யாரும் அன்றைக்கு என் பாட்டைப் புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு உதைக்கும் நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது. 3-2 என்று சர்வீசஸ் ஜெயித்தபோது நான் கை தட்டியதைப் பார்த்துப் பேரன் அதிர்ந்துபோனான்.

"தாத்தா, தோத்தது நம்ம டீம்!"

"ஜெயிச்சதும் நம்ம டீம்தாண்டா" என்றேன்.