மூணாவது வரி

(கோவை கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடையும் ஒரு லேத் பட்டறை. தேதி 20. மேசை மேல் பட்டறை லேப்டாப். பெரியப்பா நிற்கிறார், எஞ்சினியரிங் படிக்கும் தம்பி மகன் நாற்காலியில் சம்மணம் போட்டிருக்கிறான்.)

பெரியப்பா: ஏன் கண்ணு, இன்னிக்கு ஜி.எஸ்.டி. 3பி போடறதுக்குக் கடைசி நாள். டேலியத் திறக்கலாம்னு வந்தா வெள்ளியங்கிரி மலையல்ல தெரியுது?

பையன்: பூட் மெனுவுக்குப் பின்னாடி போட்ட படமுங் பெரியப்பா. மலை ஏறுனப்ப நானே எடுத்தது. எழுத்துக்குப் பச்சைக் கலர் குடுத்திருக்கறனுங்க. எப்படி இருக்குது?

பெரியப்பா: மலைக்கென்ன, நல்லாத்தான் இருக்குது. மெனுவப் படிக்கறதுக்குள்ள அது பாட்டுக்கு லினக்ஸுக்குள்ள போயிருதே?

பையன்: டைம் அவுட்ட ரெண்டு செகண்டாக் கொறச்சுப்போட்டனுங்க. சும்மா காத்துட்டு நிக்கறதெதுக்குங்க?

பெரியப்பா: நான் கண்ணாடியத் தேடி மாட்டவே அஞ்சு நிமிசம் ஆகும் சாமி.

பையன்: லினக்ஸ்னா விடுதலைங் பெரியப்பா. நம்ம மெசினு நாம சொன்னபடி கேக்கோணும். இந்த மெனுவக் காட்டறது கிரப். 1995ல எரிக் போலின்ங்கறவரு, குனு ஹர்டுங்கற ஓஎஸ்ஸக் கிளப்பறதுக்குன்னே எழுதுனது.

பெரியப்பா: ஹர்டு கெளம்பிருச்சா?

பையன்: அது மெதுவா வருதுங்க. மத்ததெல்லாம் கெளம்பிருச்சு.

பெரியப்பா: எனக்கு டேலி கெளம்புனாப் போதும். அது விண்டோஸ்லதான கெடக்குது? மெனுவுல அந்த வரியவே காணமே?

பையன்: நான் எடுக்கலீங்க. 2021ல வந்த 2.06ல இருந்து, பக்கத்துப் பார்ட்டிசன்ல என்ன இருக்குதுன்னு கிரப் தானாத் தேடறதில்லைங்க. பாதுகாப்புக்காக.

பெரியப்பா: தேடச் சொல்றதுக்கு வழி இல்லியா?

பையன்: இருக்குதுங்க. எட்சி ஃபோல்டர், அதுக்குள்ள டீஃபால்ட், அதுக்குள்ள கிரப்னு ஒரு ஃபைலு. ஓஎஸ் புரோபர டிசேபிள் பண்ற வரியில ஃபால்ஸ்னு எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டுனா வந்துருமுங்க.

பெரியப்பா: பச்சைக் கலரு குடுத்தியே, அப்ப இதை எழுதுனியா?

பையன்: ...எழுதறனுங்க.

(தட்டுகிறான். மெனு வருகிறது. முதல் வரி லினக்ஸ், ரெண்டாவது அட்வான்ஸ்ட் ஆப்ஷன், மூணாவது விண்டோஸ்.)

பெரியப்பா: ம். இனித் திறந்தா தானா அந்த மூணாவது வரிக்குப் போகோணும்.

பையன்: மூணுதானுங்களே? டீஃபால்ட்டுல 3னு போட்டாச்சுங்க.

(ரீஸ்டார்ட். டேலியும் இல்லை, மலையும் இல்லை. யு.இ.எஃப்.ஐ. செட்டிங் திரை.)

பெரியப்பா: இதென்றா எழவு?

பையன்: நாலாவது வரிங்க. கிரப்பு பூஜ்யத்துல இருந்து எண்ணும். மூணாவது வேணும்னா 2னு போடோணும். நீங்க மூணுன்னீங்க, மறுத்துப் பேசக்கூடாதுன்னு போட்டுட்டனுங்க.

பெரியப்பா: இந்தக் குசும்பெல்லாம் செமஸ்டர் பரிச்சையில காட்டலாமல்ல?

பையன்: கோவிச்சுக்காதீங்க. டீஃபால்ட்டுக்கு எத்தனை பலம்னு பாருங்க. 2011 செப்டம்பர் 15ல ஜெயலலிதா அரசாங்கம் இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சுது. அக்காவுக்கு வந்ததுல விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக்குல செஞ்ச பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அக்கா ஒருநாளாச்சும் பாஸுக்குள்ள போனாளா? மெனுவுல பேர் இருந்தா ஆச்சுங்களா? அம்புக்குறியத் தட்டிப் பாருன்னு ஆரும் சொல்லிக் குடுக்கலையே.

பெரியப்பா: அன்னிக்கு பாஸுக்கு நடந்ததை இன்னிக்கு என்ற டேலிக்கு நீ பண்ணிப்போட்டே. பேர்கூட மெனுவுல இல்லாமப் பண்ணிப்போட்டு, ரெண்டு செகண்டு வேற. இதுக்குப் பேரு விடுதலையாக்கும்!

பையன்: நீங்க மட்டும் என்னங்க? பிளஸ் டூ முடிச்சப்ப என்ன படிக்கறேன்னு கேட்டீங்க. மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரான்னு ரெண்டே வரி. தமிழ் இலக்கியம்னேன். அந்த வரி கடைசி வரைக்கும் வரவே இல்லையே. அதை ஆரு மறைச்சதுங்க?

பெரியப்பா: ...பாதுகாப்புக்காக கண்ணு.

பையன்: கிரப்பும் அதையேதானுங்க சொல்லுது.

பெரியப்பா: செரி, வாயக் கொறச்சு வேலையப் பாரு. ரெண்டு பேருக்கும் ஒத்து வராப்புல ஒண்ணும் இல்லியா?

பையன்: டீஃபால்ட்டுல சேவ்டுன்னு எழுதி, சேவ்டீஃபால்ட்ட ட்ரூன்னு வெச்சா, கடைசியா எதைத் திறந்தமோ அதுலயே அடுத்த தடவையும் நிக்குமுங்க.

பெரியப்பா: ராத்திரி நீ சினிமாப் பாத்துட்டு மூடுனா காலையில நான் லினக்ஸ்ல முழிக்கோணும். வேண்டாம்.

பையன்: டைம் அவுட்டுக்கு மைனஸ் ஒண்ணு போட்டா, நாம என்டர் தட்டற வரைக்கும் அப்படியே காத்துட்டு நிக்குமுங்க.

பெரியப்பா: அதைப் போடு. கேள்வி கேட்டா பதிலுக்குக் காத்திருக்கறதுதான மொறை?

பையன்: அப்ப அடுத்த படிப்பு மெனுவுலயும் எம்.ஏ. தமிழ்னு ஒரு வரி சேத்தலாமுங்களா?

பெரியப்பா: தாராளமா. எம்.டெக்கு, எம்.பி.ஏ.ன்னு ரெண்டு வரி முன்னாடியே எழுதி வெச்சிருக்கறேன். உன்றத மூணாவதா எழுதிக்கோ.

பையன்: நெசமாலுமுங்களா?

பெரியப்பா: நெசமா. டீஃபால்ட்டு மட்டும் பூஜ்யத்துலயே இருக்கட்டும். இப்ப 3பியத் திற. இன்னிக்கு விட்டா நாளொண்ணுக்கு அம்பது ரூபா தண்டம்.