நான்கு மூலைக்கும் சொந்தமான தொட்டி

ஹாட் டப் விற்கிற கடையில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று கேட்பார்கள். என்ன நிறம் என்பார்கள். தண்ணீருக்குள் நீல விளக்கு எரிய வேண்டுமா என்றும் அக்கறையாக விசாரிப்பார்கள். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் முன்பணம் கட்டிய பிறகுதான் வரும். கனடாவில், ஸ்காபரோவில் குடியிருக்கும் திருகோணமலைக்காரர் ஒருவரிடம் அது கேட்கப்பட்டபோது அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "பின்வளவில" என்றார்.

பின்வளவு என்பது ஒரு விலாசம் ஆகாது என்று மனைவி சொன்னதில் தொடங்கியது விவாதம்.

அவர் மனதில் இருந்த இடம் வேலியோரம், சீடர் மரங்களின் கீழே. மேலே பனி கொட்டும், கழுத்துவரை வெந்நீர், கையில் ஒரு கோப்பை. விளம்பரப் படங்களில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக் கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே கிடக்கும் தூரத்தை எந்த விளம்பரமும் படம் பிடிப்பதில்லை. ஜனவரி இரவில், மைனஸ் 15 டிகிரியில், போகும்போது அவ்வளவு தெரியாது. உடம்பு காய்ந்திருக்கும். திரும்பும்போதுதான் சங்கதி. கதவைத் தொடுவதற்குள் ஈரமுடி விறைத்துவிடும். மனைவி வாதாடவில்லை. ஒரு துவாயை எடுத்து நீட்டி, "இதைக் கட்டிக்கொண்டு ஒருக்கா அந்த மூலை மட்டும் போட்டு வாங்கோவன்" என்றார். பாதி வழியிலேயே திரும்பிய மனிதர், கதவடியில் நின்று நடுங்கியபடி டெக்கைப் பார்த்தார். இதுவே நல்ல இடமாக இருக்கிறதே!

டெக், அவரும் மச்சானும் ஒரு கோடையில் கட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு பேர் உட்காரும் தொட்டி வெறுமையாகவே ஏறக்குறைய 350 கிலோ. அதற்குள் 1,300 லீட்டர் தண்ணீர் என்றால் 1,300 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் ஆறு பேரை இறக்கினால் இன்னும் 450. ஆக இரண்டு டன்னுக்கு மேல். கனடாவின் கட்டட விதிகள் வீட்டு டெக்கிடம் எதிர்பார்க்கும் தாங்குபலம் 1.9 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ. இந்தத் தொட்டியோ சதுர மீட்டருக்கு 470 கிலோ வரை அழுத்தும். விதிப்படி கட்டிய டெக்குக்கே இந்தக் கதி. மச்சான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "கட்டி முடிச்சபிறகு ஒரு பெட்டி ஸ்க்ரூ மிஞ்சினதெல்லே, ஞாபகமிருக்கோ?"

டெக் அன்றோடு பட்டியலிலிருந்து நீங்கியது.

வீட்டுக்குள்ளேயே வைத்தால் என்ன? பேஸ்மெண்டுக்குப் போகும் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் கட்டிலே மாட்டிக்கொள்ளும். அங்கே குடியிருப்பவர் தரும் வாடகையில்தான் வீட்டுக்கடனின் பாதி கழிகிறது. அதோடு, 40 டிகிரி வெந்நீரின் ஆவி சுவரிலும் கூரையிலும் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். விளையாட்டில்லாத இன்னொரு விஷயமும் உண்டு. 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் நகரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஒரு குமிழித் தொட்டியிலிருந்து லீஜியனெல்லா கிருமி நீர்த்துளிகளோடு பரவி 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பலியானவர்கள் அதில் குளித்தவர்கள் அல்லர், அந்த வழியாக நடந்து போனவர்கள். கிருமிநாசினி போட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளச் சோம்பல்படுகிறவர் தொட்டியை எந்த இடத்தில் வைத்தாலும் ஆபத்துத்தான்.

உண்மையில் இடப் பிரச்சினையே இல்லாமல்தான் இந்தச் சாமான் பிறந்தது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன ஜகூசி சகோதரர்கள் ஏழு பேர். முதலில் விமானத்துக்கான சுழல்விசிறி செய்தார்கள், பிறகு விமானமே செய்தார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கவே, தண்ணீர்ப் பம்ப் பக்கம் திரும்பினார்கள். கடைசித் தம்பி கான்டிடோவின் மகனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதம். மருத்துவமனையில் தருகிற நீர்ச் சிகிச்சையைப் பிள்ளைக்கு வீட்டிலும் தருவதற்காக 1940களின் பிற்பகுதியில் ஒரு சிறிய பம்ப் உருவானது. வீட்டில் இருக்கிற குளியல்தொட்டிக்குள் அதை இறக்கிவிட்டால் போதும். வேலை முடிந்ததும் தூக்கி வைத்துவிடலாம். 1968இல் அதே குடும்பத்து ராய் ஜகூசி பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கினார். எங்கே வைப்பது என்ற தலைவலிக்குப் பிறந்த வருடம் அதுதான்.

தலைவலி திருகோணமலை வரை போனது. மனையடி சாஸ்திரம் தெரிந்த பெரியப்பா அங்கேதான் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் விஷயத்தைக் கேட்டதும், "தண்ணியெண்டால் ஈசான மூலைதான். கிணறு வேற எங்க வெட்டுறது?" என்றார். தண்ணி சுடுதண்ணி என்று தெரிந்ததும் யோசித்தார். நெருப்புச் சம்பந்தம் இருப்பதால் தென்கிழக்கு, அக்கினி மூலை. இரண்டு டன் என்றார்கள். அவ்வளவு பாரம் தென்மேற்கில், நிருதி மூலையில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பேத்தி சும்மா இருக்காமல், "அதுக்குள்ள இருந்து காத்துக் குமிழியும் வரும் தாத்தா" என்றாள். வாயு மூலை, வடமேற்கு! அப்படியென்றால் நடுவில் வைக்கலாமோ என்று இவர் கேட்டார். நடு பிரம்மஸ்தானம், அதை வெறுமையாக விட வேண்டுமாம். நான்கு பூதங்களையும் ஒரே ஃபைபர் தொட்டியில் அடைத்துத் தவணை முறையில் விற்பார்கள் என்று சாஸ்திரம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. "எதுக்கும் நல்ல நாள் பாத்து வையுங்கோ" என்று பெரியப்பா அழைப்பை முடித்துக்கொண்டார்.

அம்மாவின் ஆட்சேபம் வேறு விதம். அவருக்கு வெந்நீர் என்றால் கன்னியா. திருகோணமலைக்குப் பக்கத்தில், இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்களே தவிர யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். "செத்த வீட்டுக் கிரியைக்குப் போறனாங்கள் அங்க. நீ என்னெண்டால் காசு குடுத்துக் கொண்டுவாறாய். அதுவும் ஆறு பேர் ஒரே தண்ணிக்குள்ளயோ?" கடைசிக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று கடைக்காரர்களும் சொல்கிறார்கள் என்பது அம்மாவுக்குப் பெரிய வெற்றி.

கடைசியில் இடத்தைத் தீர்மானித்தது அழகும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. வீட்டின் பக்கச் சந்து. தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தி உருட்டினாலும் அதன் அகலம் 90 சென்ரிமீட்டர். சந்து 120. தாராளம் என்று நினைக்கும்போது, சுவரோரம் ஏசி இயந்திரம் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அப்பால் காஸ் மீட்டர் மூக்கை நீட்டுகிறது. கிரேன் வைத்துக் கூரைக்கு மேலால் தூக்கலாம். தெருவில் மின்கம்பிகள் குறுக்கே போகின்றன. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வேலியில் இரண்டு பலகைத் தட்டிகளைக் கழற்றச் சம்மதித்ததால் காரியம் நடந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தொட்டியில் முதலில் இறங்குவது இப்போது அவர்தான்.

வைத்த இடம் பின்கதவிலிருந்து நாலைந்து எட்டு. சல்லிக்கல் பரப்பி, மேலே கொங்கிரீட் தளம். தென் ஒன்ராறியோவில் உறைபனி நிலத்துக்குள் 1.2 மீட்டர் வரை இறங்கும் என்பதால் வெறும் மண்ணில் வைத்தால் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கோடையில் அம்மாவின் கறிவேப்பிலைச் சாடிகள் நிற்கும் இடம் அது. சாடிகள் படிக்கட்டுக்கு மாறின, சமாதானப் பேச்சு இன்னும் முடியவில்லை. கூரை விளிம்புக்கு நேர்கீழே வைக்கவில்லை. பனிக்கூர்கள் அங்கேதான் தொங்கும், அங்கேதான் விழும். மோட்டார் இருக்கும் பக்கம் வெளியைப் பார்த்திருக்கிறது. அழகுக்காக அதைச் சுவரோடு ஒட்டி வைப்பவர்கள், பழுது வரும் நாளில் தண்ணீரை வடித்து முழுத் தொட்டியையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

மின்சாரம் தனிக் கதை. 240 வோல்ட், 50 ஆம்பியரில் தனி இணைப்பு. பழைய வீட்டில் மொத்தமே 100 ஆம்பியர்தான் என்றால் அடுப்பும் துணி உலர்த்தியும் தொட்டியும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். நிறுத்தும் சுவிட்ச் தொட்டியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், உள்ளே இருந்தபடி கைக்கு எட்டக் கூடாது. இதை மச்சானிடம் கொடுக்காமல் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான முடிவு.

வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் அளவுநாடாவோடு பக்கச் சந்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பூட்டுப் போடக்கூடிய கெட்டியான மூடி இருந்தால் பல நகராட்சிகள் நீச்சல்குளத்துக்குக் கேட்கும் வேலியைக் கேட்பதில்லை. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வெளிக் குழாய் அடைபட்டிருக்கும், ஆகவே நவம்பர் முடிவதற்குள் தண்ணீரை மாற்றிவிடுங்கள். தளம் போட நிலத்தைத் தோண்டுவதென்றால் முதலில் ஒன்ராறியோ வன் கால் சேவையை அழையுங்கள். காஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.