திக்கலும் வழுவழுப்பும்: கைபேசிச் சமயங்கள் குறித்து ஓர் ஒப்பாய்வு

1. களமும் எல்லையும்

சங்ககால மகளிரின் கைவளை முதல் சோழர் கால ஏரி மதகு வரை ஆய்வேடு எழுதித் தீர்த்துவிட்ட தமிழ் ஆய்வுலகம், ஐபோன்காரருக்கும் ஆண்ட்ராய்டுகாரருக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மூளும் வாதத்தை மட்டும் இன்றுவரை பொருட்படுத்தவில்லை. "மாப்ள, உன் போன் ஹேங் ஆகுதுடா" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, "அவ்ளோ காசு குடுத்தா கல்லு கூடத்தான் ஸ்மூத்தா ஓடும் மச்சான்" என்று மற்றவர் மறுக்க, கை காய்ந்த பின்னும் எழுந்திருக்காமல் நடக்கும் இந்தத் தர்க்கம் பழைய சமய வாதங்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆய்வுலகின் அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வின் காலம் 2007 முதல் இன்றுவரை. சிம்பியன், பிளாக்பெர்ரி, வெப்ஓஎஸ் ஆகியவை பக்கக் கட்டுப்பாடு கருதி விலக்கப்பட்டன. உண்மைக் காரணம், அவற்றின் சார்பில் சண்டைக்கு வர இன்று ஆளில்லை.

இவ்வாய்வின் கருதுகோள் இது: வழுவழுப்பு என்பது தாமதம் இல்லாத நிலை அன்று, இருக்கும் தாமதத்தை உடையவர் கண்ணில் படாமல் மறைக்கும் நாகரிகம்.

2. வரையறையும் வகைப்பாடும்

பெரும்பாலான கைபேசித் திரைகள் நெடுங்காலம் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து வந்தன. ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் அவகாசம் 16.67 மில்லிவிநாடி. அதற்குள் வரைய முடியாவிட்டால் பழைய படமே இன்னொரு முறை காட்டப்படும். கண் அதைக் கண்டுபிடித்துவிடும். வாய் "சிக்குது" என்று சொல்லும். இதுவே திக்கல். அது நால்வகைப்படும்.

உருள்திக்கல்: தொடர்புப் பட்டியலை 'அ'விலிருந்து 'ம' வரை ஒரே வீச்சில் தள்ளும்போது 'க'வில் ஒரு முறை, 'ச'வில் ஒரு முறை தடுக்குவது.

தொடுதிக்கல்: விரல் பட்டபின் விடை வருவதற்குள் "பட்டுச்சா, படலையா" என்ற ஐயம் எழுவது. இதற்கு முன்னோடி ஆய்வுகள் உண்டு. கணினியின் மறுமொழி நேரம் குறித்து ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதினார். 0.1 விநாடிக்குள் விடை வந்தால் உடனே வந்ததாகத் தோன்றும், 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறாது, 10 விநாடி தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும் என்று 1993-இல் ஜேக்கப் நீல்சன் தொகுத்துரைத்தார்.

உறைவு: திரை அப்படியே நிற்பது. எவ்வளவு நின்றால் பாவம் என்பது சமயந்தோறும் வேறுபடும். ஒரு படத்தை வரைய 700 மில்லிவிநாடிக்கு மேலானால் அதை உறைந்த படம் என்று கூகுள் கணக்கெழுதும். செயலி 250 மில்லிவிநாடி வாய்திறக்காவிட்டாலே ஆப்பிளின் கருவிகள் குற்றப்பதிவு செய்யும். தொட்டு 5 விநாடி ஆகியும் செயலி அசையாவிட்டால் ஆண்ட்ராய்டு தானே முன்வந்து, இதை மூடட்டுமா, இல்லை காத்திருக்கிறீர்களா என்று கேட்கும். காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவரிடம் இக்கேள்வி.

மறுபிறப்பு: மின்கட்டணப் பக்கத்தில் பாதி எண்களை நிரப்பிவிட்டு, மீதி எண்ணைப் பார்க்க வாட்ஸப்புக்குப் போய்த் திரும்பினால், பக்கம் முற்பிறவி நினைவு ஏதுமின்றிப் புதிதாய்ப் பிறந்து நிற்பது. ரேம் போதாத இடத்தில் பின்னால் இருக்கும் செயலியைக் கொன்று முன்னால் இருப்பதை வாழவைக்கும் இயங்குதளத்தின் அறம் இது.

3. இரு சமயங்களும் இரு நியாயங்களும்

வைணவத்தில் வடகலைக்கு மர்க்கட நியாயமும் தென்கலைக்கு மார்ஜார நியாயமும் சொல்வார்கள். குரங்குக்குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும். கைபேசி உலகை விளக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டுகாரர் குரங்குக்குட்டி: லாஞ்சர் மாற்றுவார், ரேம் காலி செய்வார், 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டி டெவலப்பர் வாசலைத் திறப்பார். ஐபோன்காரர் பூனைக்குட்டி: கவ்விய இடத்தில் தொங்குவார். ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியதும், இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராவதும் தற்செயல் என்பார் என்க.

பூனைமார்க்கத்தின் மறைப்புக் கலை 2007 ஜனவரி 9 அன்றே வெளிப்பட்டது. ஐபோன் அறிமுக மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் பாட்டுப் பட்டியலை விரலால் தள்ளினார். அது தானாக ஓடி, மெல்ல ஓய்ந்தது. பட்டியலின் கோடியைத் தொட்டால் ரப்பர்போல இழுபட்டுத் திரும்பும். பட்டியல் முடிந்ததா, போன் உறைந்ததா என்ற ஐயமே எழாது. இந்த உத்தியைக் கண்டவர் பாஸ் ஓர்டிங். அதற்கான காப்புரிமையும் சேர்ந்துதான் 2012-இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் சாம்சங்குக்கு எதிராக 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. பட்டியலின் நுனி துள்ளுவதற்காக வழக்காடிய இனம் மனித இனம் ஒன்றே.

அடுத்த உத்தி இன்னும் நுட்பமானது. ஐபோனில் ஒரு செயலியை விட்டு வெளியேறும்போது இயங்குதளம் அதன் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது முதலில் வருவது அந்தப் படம். உள்ளே செயலி கண் கசக்கி எழுவதற்குள் நாம் அதைத் தட்டிப் பார்க்கிறோம். தட்டியது செயலியை அன்று, அதன் போட்டோவை. போதாததற்கு, அசைவூட்ட வேலைகள் செயலிக்கு வெளியே தனியொரு நிரலிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. செயலி உள்ளே மயங்கிக் கிடந்தாலும் வெளியே திரை நளினமாக நகர்ந்துகொண்டிருக்கும்.

குரங்குமார்க்கம் தொடக்கத்தில் இந்த நளினம் அறியாதது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தபோது, வேலை முடிந்த நினைவகத்தைத் திரட்டி விடுவிக்கும் 'குப்பை அள்ளும்' வேலைக்காகச் செயலி அவ்வப்போது அப்படியே நின்றது. ஐபோனின் ஐஓஎஸ்ஸில் அவ்வழக்கமே இல்லை. பயன் முடிந்த கணமே நினைவகம் விடுவிக்கப்படும். 2012-இல் கூகுள் ஆண்ட்ராய்டு 4.1-இல் 'புராஜெக்ட் பட்டர்' என்ற முயற்சியைக் கொண்டுவந்தது. படம் வரைவதைத் திரையின் துடிப்போடு இசைத்தார்கள். இரண்டு படங்களுக்குப் பதில் மூன்றைக் கைவசம் வைத்தார்கள். விரல் பட்டதும் சிப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். 2014-இல் செயலிகளை இயக்கிவந்த டால்விக் போய் ஆர்ட் வந்தபின் குப்பை அள்ளும் ஓசையும் அடங்கியது.

பூனையை நம்பிய குட்டிக்கும் சோதனை வந்தது. பேட்டரி மூப்படைந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமலிருக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்துவருவதாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மாற்று பேட்டரியின் விலை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறங்கியது. இதை முன்கூட்டிச் சொல்லாததற்காக பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. மறைத்ததற்குத்தான் தண்டனை. வழுவழுப்பே மறைப்புதான் என்ற நம் கருதுகோளை அந்நாட்டு அதிகாரிகள் அறிந்திருக்கவில்லை.

4. மறைந்துபோன மூன்றாம் சமயம்

2010-இல் வந்த விண்டோஸ் போன் 7, ஒரே கோர் கொண்ட சிப்பில் நழுவி ஓடியது. 512 எம்பி ரேம் கொண்ட லூமியா 520-ஐ வைத்திருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். முகப்புத் திரையின் ஓடுகளெல்லாம் புரண்டு புரண்டு விலகும். செயலி எழத் தாமதமானால் திரையின் மேல்விளிம்பில் புள்ளிகள் வரிசையாக ஓடும். அது மறைப்பு அன்று, கேளிக்கை. ஆனால் நண்பர்கள் வைத்திருந்த செயலிகளில் பாதி அங்கு வரவேயில்லை. 2020 தொடக்கத்தோடு கடைசிப் பதிப்புக்கான ஆதரவும் நின்றது. செயலி இல்லாத கைபேசி திக்குவதில்லை என்ற பேருண்மையை உலகுக்கு உணர்த்திவிட்டு அச்சமயம் மறைந்தது.

5. கள ஆய்வு

முதற்களம் டீக்கடை. இளைஞர் ஒருவர் டீ குடித்து முடித்து, பணம் செலுத்தும் செயலியைத் திறந்து, ஸ்கேன் என்ற இடத்தைத் தொடுகிறார். திரை கறுப்பாகவே நிற்கிறது. மறுபடி தொடுகிறார். அழுத்தித் தொடுகிறார், விரல் பட்டதால் மின்புலத்தில் நேரும் மாற்றத்தை மட்டுமே உணரும் கண்ணாடிக்கு அந்த அழுத்தம் தெரியாது. பின்செல்லும் பொத்தானை இரண்டு தட்டு. "ஒரு நிமிஷம்ணே, சுத்துது." "சுத்தட்டும் தம்பி." உள்ளே நடந்தது இது: ஒவ்வொரு தொடுகையும் வரிசையில் நின்று காத்திருந்தது. செயலி மூச்சுவிட்டதும் எல்லாவற்றையும் ஒழுங்காக, வந்த முறைப்படி நிறைவேற்றியது: கேமரா திறந்தது, மூடியது, செயலியே மூடியது. இளைஞர் சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்தார். திக்கலின்போது காட்டப்படும் அவசரம் எதுவும் வீண்போவதில்லை. பின்னால் வட்டியோடு வந்து சேரும் என்பது இதனால் பெறப்பட்டது.

இரண்டாம் களம் சித்திரை வெயில். பைக்கின் கைப்பிடியில் மாட்டிய போன் வழிகாட்டிக்கொண்டே சுடுகிறது. சூடு எல்லை கடந்தால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐபோனோ, ஆண்ட்ராய்டோ, கத்திரி வெயிலில் சமயபேதம் இல்லை.

மூன்றாம் களம் கைபேசிக் கடை. விற்பனையாளர் செட்டிங்ஸ் பக்கத்தை மேலும் கீழும் தள்ளி, "பாருங்க சார், எப்படி வழுக்குது" என்கிறார். எல்லா மாடலும் வழுக்குகிறது. கடைப்போனில் குடும்ப குரூப் இல்லை. நம் போனிலோ ரோஜாப்பூவும் ஆவி பறக்கும் காப்பியும் வேலேந்திய முருகனும் விடியற்காலை முதல் வந்து இறங்குகிறார்கள். இந்தியர்களின் போன்கள் காலை வணக்கப் படங்களால் நிரம்பி மூச்சுத்திணறுவதை கூகுளே கண்டறிந்து, அவற்றைத் தேடி அழிக்கும் வசதியைத் தன் ஃபைல்ஸ் கோ செயலியில் வைத்தது 2018 தொடக்கத்தில் உலகச் செய்தியாயிற்று. சேமிப்பகச் சிப்பில் பழையதை அழிக்காமல் அதே இடத்தில் புதியதை எழுத இயலாது. காலி இடம் சுருங்கச் சுருங்க, ஒன்றை எழுத வேண்டுமானால் முன்பிருந்ததை இடம் மாற்றி அடுக்கவேண்டியிருக்கும். சித்தப்பா அனுப்பிய ரோஜா திக்கலாக மலர்வது இவ்வாறே.

6. பரிகாரங்கள்

மக்களிடம் பரவலாக உள்ள பரிகாரம், அண்மைச் செயலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளி ஒழிப்பது. இது பயனற்றது என்று 2016-இல் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி சொல்ல, ஆண்ட்ராய்டின் ஹிரோஷி லாக்ஹைமர் அதை வழிமொழிந்தார். இரு சமயத் தலைவர்களும் ஒருமித்துச் சொன்ன கொள்கை இதுவாயிருக்க, இரு சமயத்து அடியார்களும் ஒருமித்து மீறும் கொள்கையும் இதுவே.

ஆண்ட்ராய்டுகாரரின் உயர்நிலைப் பரிகாரம், டெவலப்பர் பக்கத்தில் அசைவூட்டத்தின் அளவை 1-லிருந்து 0.5-ஆகக் குறைப்பது. போனின் வேகம் இம்மியும் கூடுவதில்லை. நடுவே நடக்கும் ஆட்டம் பாதியாகிறது. "புது போன் மாதிரி ஆயிடுச்சு" என்று அவர் பரவசப்படுகிறார். ஐபோன் ஆட்டத்தைக் கூட்டித் தாமதத்தை மறைத்தது. இவர் ஆட்டத்தைக் குறைத்து வேகத்தைக் கண்டார். இரண்டிலும் மாறியது கண்டவர் மனமே.

7. கடாவும் விடையும்

அற்றேல், விலையுயர்ந்த ஆண்ட்ராய்டும் இன்று ஐபோனுக்கு நிகராக ஓடுகிறதே எனின், ஓடுகிறது. நம் வீடுகளில் நடக்கும் வாதத்தில் ஒப்பிடப்படுபவை பெரும்பாலும் இரண்டு இயங்குதளங்கள் அல்ல, இரண்டு மாதத் தவணைகள்.

120 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்டதே, இனித் திக்கல் ஏது எனின், அங்கே ஒரு படத்துக்கான அவகாசம் 8.33 மில்லிவிநாடியாகப் பாதிபட்டது. முன்பு தேர்ச்சி பெற்ற செயலி இப்போது தோற்கும். உடையவரின் கண்ணும் கெட்டுப்போய், நேற்றுவரை குறையின்றிப் பயன்படுத்திய பழைய போனை எடுத்துப் பார்த்து "இதையா வெச்சிருந்தோம்" என்று கேட்கும். கருவி முன்னேறும்தோறும் திக்கலைக் காணும் திறனும் முன்னேறுவதால், திக்கலுக்கு அழிவில்லை.

8. முடிவும் பரிந்துரையும்

ஒன்று, தாமதம் எல்லாச் சமயத்துக்கும் பொது. வேறுபடுவது அதை மறைக்கும் முறை. இரண்டு, மறைக்க இயலாத அளவுக்குத் தாமதத்தைச் சேர்ப்பதில் உற்றார் உறவினரின் பங்கை எந்த இயங்குதளத்தாலும் ஈடுகட்ட இயலாது.

ஆகவே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலையும் ஒரு குடும்ப குரூப்பிலும், ஒரு குடியிருப்போர் சங்க குரூப்பிலும், பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவு பழைய மாணவர் குரூப்பிலும் சேர்த்து, பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்குப் பின்னும் சோதித்து, தேறிய விவரத்தைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அதில் தேறும் கைபேசி எச்சமயத்தைச் சார்ந்ததாயினும் தீட்சை பெற ஆய்வாளர் ஆயத்தமாக இருக்கிறார், தவணையில் கிடைக்குமானால்.