சித்தப்பாவின் சிபாரிசு

வேலை தேடக் கிளம்புகிறவர் முதலில் தன் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விவரமானவர்கள் சொல்கிறார்கள். செந்தில்குமார்களுக்கு அந்த யோசனை செல்லாது. நான் படித்த எந்த வகுப்பிலும் குறைந்தது இரண்டு செந்தில்குமார்கள் இருந்தோம். இனிஷியல்தான் எங்களைப் பிரித்து வைத்தது. தேடியதில் வந்தவர்களில் ஒருவர் அரிசி ஆலை அதிபர், ஒருவர் டெபாசிட் இழந்த சுயேச்சை, இன்னொருவரை பைக் திருட்டு வழக்கில் போலீஸ் தேடுகிறது. நான் எங்கேயும் இல்லை. அதில் வருத்தமில்லை. பைக் திருடருக்கும் என் வயதுதான் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

லிங்க்ட்இன்னில் இப்படி ஒளிய முடியாது. 2003-இல் அமெரிக்காவில் திறக்கப்பட்ட அந்தக் கடைக்கு நம்மூர் இனிஷியல் கணக்கு புரியாது. கடைசிப் பெயர் கேட்கும். நம்மிடம் இருப்பது அப்பா பெயர்தான். கொடுத்தேன். அன்று முதல் ஆளெடுப்பவர்கள் எல்லாரும் "மிஸ்டர் சுப்பிரமணியனா?" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரிட்டயரான பிறகு அப்பாவுக்கு இவ்வளவு கிராக்கி!

அங்கே பேசுகிற பாஷையும் வேறு. டீ குடிக்கப் போனால்கூட அதில் தலைமைப் பண்பு பற்றி ஒரு பாடம் கிடைத்திருக்க வேண்டும்; அதைப் பணிவோடு அறிவித்து, பக்கத்தில் ஒரு ராக்கெட் பொம்மை விட வேண்டும். எனக்கு டீ குடித்தால் டீ குடித்த மாதிரிதான் இருக்கிறது.

அடுத்து, பழைய சரக்கைத் துடைக்கிற வேலை. ஆர்குட்டை 2014 செப்டம்பரோடு கூகுளே மூடிவிட்டது. கல்லூரி நண்பர்கள் அங்கே எனக்கு எழுதித் தந்த நற்சான்றுகளை நினைத்தால் கூகுளுக்குச் சூடம் ஏற்றலாம். ஃபேஸ்புக்கில், பழைய பதிவுகளை மொத்தமாக 'நண்பர்களுக்கு மட்டும்' என்று சுருக்க வசதி உண்டு. சுருக்கினேன். ஆனால் அது நான் போட்டதற்குத்தான் செல்லும். கல்யாணப் பந்தியில், ஜாங்கிரி வாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாக நான் இருக்கும் படம் அத்தையின் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது, என் பெயரோடு டேக் செய்து. டேக்கை எடுத்தால் அவருக்குத் தகவல் போகாது என்கிறது ஃபேஸ்புக். அதற்கு எங்கள் அத்தையைத் தெரியாது.

லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறவர் தன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் மாட்டிக்கொள்ளும் வழக்கம் 2020-இல், கொரோனாவோடு வந்தது. வெட்கப்படுகிறவர்கள், ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். இப்போது வேலை பார்க்கும் ஆபீஸின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ரகசிய வழியைத்தான் எடுத்தேன்.

கோவில்பட்டிச் சித்தப்பா அதற்குள் லிங்க்ட்இன்னில் சேர்ந்திருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த நிறுவனத்தில் இன்னொரு இனிய ஆண்டு" என்று நான் போட்டிருந்த பதிவுக்குக் கீழே எழுதினார்: "ராசா, அங்க சம்பளம் கட்டுபடியாகலன்னு சொன்னியே, வேற எடம் அமைஞ்சுதா? முருகன் துணை."

நான் பார்ப்பதற்குள் என் மேனேஜர் அதற்கு லைக் போட்டிருந்தார்.

போன் பண்ணினேன். "சித்தப்பா, இதெல்லாம் அங்க எழுதக் கூடாது."

"அப்ப வேற என்ன செய்யணும், சொல்லு."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். என் திறமைகளுக்குக் கீழே சான்று தர ஒரு பொத்தான் இருக்கும், முடிந்தால் அமுக்குங்கள் என்றேன். ஜாவா, லினக்ஸ், குபெர்னெட்டிஸ் என்று ஒன்று விடாமல் அமுக்கிவிட்டார். மற்றவர் யாரும் எனக்கு அதைச் செய்ததில்லை.

போன வாரம் ஒரு நேர்காணல். திரையில் என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி கேட்டார்: "குபெர்னெட்டிஸ்ல உங்களுக்கு ஒருத்தர் சான்று கொடுத்திருக்காரே, யார் அவர்?"

"சீனியர். முப்பது வருஷத்துக்கு மேல ஃபீல்டு அனுபவம். மின்சாரத் துறை."

"ஓ, பவர் டொமைன்" என்று குறித்துக்கொண்டார்.