பிற்பகல் உறக்கமும் எழுப்பும் உரிமையும்: டாக்குரியா ஆய்வு

கொல்கத்தா டாக்குரியாவில், மேம்பாலத்துக்கும் ரவீந்திர சரோபருக்கும் இடைப்பட்ட வீடுகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் யார் யாரை எழுப்பலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டம் உண்டு. கணினிக்கு அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வேடு எதுவும் என் கண்ணில் படாததால் இக்கட்டுரை.

உறங்கவைப்பது எளிது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை உறக்கத்தைத் தரம் பிரித்தது. எஸ்3-ல் நினைவகத்துக்கு மின்சாரம் தொடரும். எஸ்4-ல் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அதையும் நிறுத்திவிடலாம். தொல்லை எழுப்புவதில்தான். எழுப்பவேண்டிய சாதனம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டு விழித்தே கிடக்கவேண்டும்.

லினக்ஸ் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறது. உன்னால் எழுப்ப முடியுமா? எழுப்ப அனுமதி இருக்கிறதா? முன்னது வன்பொருளின் தகுதி. பின்னது 'வேக்கப்' என்ற கோப்பில் 'எனேபிள்டு', 'டிஸேபிள்டு' என்று கிடக்கும் உரிமையாளர் விருப்பம். பவர் பொத்தானுக்கும் விசைப்பலகைக்கும் அனுமதி இயல்பாகவே உண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கார மாஷிமாவின் ஏற்பாடும் இதுவே. அழைப்புமணிக்குத் தகுதி உண்டு, அனுமதி இல்லை, சுவிட்சை அணைத்துவிடுவார். மகளின் போனுக்கு இரண்டும் உண்டு. மருமகனைப் பொறுத்தவரை தகுதியே சந்தேகம்.

வலையமைப்பு வழியே எழுப்புவதற்கு 6 பைட் முன்னுரை சொல்லி, உறங்கும் கணினியின் முகவரியை 16 முறை ஓதவேண்டும். மொத்தம் 102 பைட். பெயர் சொல்லாமல் மீனைக் கூவும் மீன்காரருக்கு மாஷிமா புரண்டும் படுக்காத காரணம் இதனால் விளங்கும்.

தலையணையில் தலை சாயும் கணத்தில் அழைப்பு வந்தால்? 2010-ல் லினக்ஸ் இதற்கு வழி செய்தது: எழுப்பல்களின் எண்ணிக்கையைப் படித்துவிட்டு உறங்கப் போகலாம், இடையில் எண் ஏறினால் உறக்கம் ரத்து. மாஷிமா ரத்து செய்வதில்லை, திட்டுவார்.

விண்டோஸ் பெரும்பாலும் சுட்டிக்கும் அனுமதி தந்துவிடுகிறது. மேம்பாலத்தில் லாரி போய் மேசை அதிர்ந்தாலும் கணினி கண் திறக்கலாம். டிவைஸ் மேனேஜரில் ஒரு டிக்கை எடுத்தால் போதும். யார் எழுப்பியது என்று விசாரிக்க 'லாஸ்ட்வேக்' கட்டளையும் உண்டு. மாஷிமா வீட்டில் அந்த விசாரணை எப்போதும் பூனையில் முடிகிறது.

எஞ்சியது ஐந்து மணித் தேநீர். கணினியில் அது ஆர்டிசி கடிகாரத்தின் வேலை. யாரும் கூப்பிடாமலே குறித்த நேரத்தில் எழுப்பிவிடும். அதற்கான அனுமதியை ரத்து செய்யலாமா என்று மாஷிமாவிடம் கேட்கும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை.